புகை படிந்த பட்டாடை

மனிதன் நெய்யத் தொடங்கிய நாள் முதலாகத் துணி அவனுக்கு இருவகைத் தொண்டு செய்து வருகின்றது. உடலைக் காப்பது ஒன்று. நினைவைக் காப்பது மற்றொன்று. கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் வரலாற்றின் சான்றுகள் என்பதை யாவரும் ஒப்புவர். ஆனால் பெட்டகத்தின் அடியிலே வெள்ளைத் துணியிற் சுற்றி வைக்கப்பட்டிருக்கும் பாட்டியின் கூறைச்சேலையும் அத்தகைய சான்றே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எவ்வூரில் நெய்தது, எந்தச் சாயத்தில் தோய்ந்தது, யார் கையால் யாருக்கு வந்தது என்பனவெல்லாம் அதன் இழைகளிலே எழுதப்பட்டிருக்கின்றன. எழுத்தறியாத மூதாட்டியும் அதனைப் பிழையின்றிப் படித்துச் சொல்லுவாள்.

கல்லுக்கும் செம்புக்கும் இல்லாத பகைகள் பல துணிக்கு உண்டு. ஈரம் ஒரு பகை. பூச்சி ஒரு பகை. வெயில் ஒரு பகை. நெருப்போ இவை யாவற்றினும் கொடியது. நெருப்பு நேரே தீண்டாத துணியையும் அதன் புகை தீண்டிவிடும். எரிந்த துணி போயிற்று என்று மனம் ஆறலாம். புகை படிந்த துணியோ இருந்தும் இல்லாததாய் நிற்கும். அதனை மீட்பது எவ்வாறு என்பது இரசாயனத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. வரலாற்றைப் பற்றிய கேள்வியும் ஆகும். கொழும்பு மாநகரிலே, கிராண்ட்பாஸ் போன்ற பகுதிகளில், அக்கேள்வி பல குடும்பங்களின் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கின்றது.

கிராண்ட்பாஸ் என்னும் பெயர் போர்த்துக்கேயர் வழியாக வந்தது. பெருந்துறை அல்லது பெரிய கடவை என்பது அதன் பொருள். களனி கங்கையைக் கடக்கும் பாதை இங்கேதான் கிடந்தது. அதன் அருகேயுள்ள தொட்டலங்க என்னும் சிங்களப் பெயருக்கும் துறையின் அண்மை என்பதே பொருள். 1822ஆம் ஆண்டில் இத்துறையிலே படகுகளை வரிசையாகப் பிணைத்து அவற்றின் மேல் ஒரு பாலம் அமைத்தனர். 1895ஆம் ஆண்டில் விக்டோரியா பாலம் திறக்கப்படும்வரை கண்டிக்கு வீதி வழியாகச் சென்ற பொதிகள் அப்படகுப் பாலத்தின் மீதே சென்றன. துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் அணித்தாய் அமைந்தமையால் இங்கே பண்டகசாலைகளும் ஆலைகளும் பெருகின. அவற்றிலே உழைப்போர் வாழும் தோட்டங்களும் பெருகின. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலாயரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். எனவே இப்பகுதியின் பெட்டகங்களும் பலவகைப்பட்டன. ஒரு வீட்டிலே கூறைச்சேலை. அடுத்த வீட்டிலே ஒசரி. அதற்கடுத்த வீட்டிலே சரிகைத் தொப்பியும் மலாயச் சாரமும்.

இத்தகைய துணிகள் இலங்கைக்கு வந்த வழி நீண்டது. சோழமண்டலக் கரையில் நெய்து சாயமிட்ட துணிகள் நூற்றாண்டு பலவாக இத்தீவின் துறைகளில் இறங்கின. கூறை என்னும் சொல் பழந்தமிழில் உடையையே குறிக்கும். மாயவரத்தை அடுத்த கூறைநாடு பட்டும் பருத்தியும் கலந்து நெய்த சேலைகளுக்குப் பெயர்பெற்றது. அத்துணிகளுக்குச் செந்நிறம் தந்த சாயவேரோ இலங்கையிலிருந்தும் சென்றது. மன்னாரிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளிலும் மணற்பாங்கான நிலங்களில் விளையும் இச்சிறு செடியின் வேரை அகழ்ந்தெடுப்பது தனித்தொழிலாக நடந்தது. ஒல்லாந்தர் அதனை அரசின் உரிமையாக வைத்து வருவாய் பெற்றனர். பிரித்தானியரும் சிலகாலம் அவ்வாறே செய்தனர். 1869ஆம் ஆண்டளவில் அதே செந்நிறத்தைத் தரும் அலிசரினை ஐரோப்பிய இரசாயன அறிஞர் ஆலையிலே ஆக்கத் தொடங்கியபின் சாயவேரின் காலம் தேய்ந்தது. ஆதலால் ஒரு பழந்துணியின் சிவப்பைப் பார்த்தே அதன் காலத்தை ஓரளவு உய்த்துணர முடியும். புகையை அகற்றப் புகுந்தவன் அந்தச் சிவப்பையும் சேர்த்து அகற்றிவிட்டால், துணி தூய்மையாகும், சான்று அழியும்.

புகையும் துணியும் எந்நாளும் பகைவராக இருந்தன என்று கொள்ளுதல் பொருந்தாது. அகிற்புகையிலே கூந்தலையும் ஆடையையும் மணமூட்டிய பழந்தமிழ் மகளிரைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. வெள்ளிக்கிழமை மாலையில் சாம்பிராணி இடாத இல்லங்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சிலவே. ஆனால் நறும்புகையும் புகையே. நாள்தோறும் எரியும் நெய்விளக்கும் கற்பூரமும் திருக்கோயிற் சுவரோவியங்களை எவ்வாறு கருமையாக்கின என்பதற்குத் தென்னகம் எங்கும் சான்றுகள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றிலே நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவ்வோவியங்களை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் எஸ். பரமசிவன். அவர் பணியாற்றிய இரசாயன ஆய்வுகூடம் சென்னை அரசாங்க நூதனசாலையில் 1930ஆம் ஆண்டளவில் தோன்றியது. பழம்பொருளைப் பாதுகாப்பதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது, பொருளின் இயல்பறிந்த கல்வியும் வேண்டும் என்னும் கொள்கை தமிழ்நாட்டில் நிலைபெற்றதற்கு அக்கூடம் ஒரு காரணமாகும்.

கோயிற் புகை மெல்ல வருவது; பேரிடரின் புகை ஓர் இரவிலே வருவது. 1983ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் திகதி இரவு பொறளையிலே தொடங்கிய வன்செயல் மறுநாள் கொழும்பு முழுவதும் பரவியது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் முதலிய பகுதிகளில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிரிழந்தோர் பலர், அகதி முகாம்களை நாடியோர் பல்லாயிரவர். உயிரின் இழப்புக்கு முன்னே துணியின் இழப்பு எம்மாத்திரம் என்று கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. எனினும் உடுத்த துணியோடு வெளியேறியவர்கள் பின்னர்த் திரும்பிவந்து சாம்பலிடையே தேடியவை யாவை என்று எண்ணிப் பார்த்தால், பணமும் நகையும் மட்டும் அல்ல என்பது புலனாகும். மணநாட் புகைப்படமும், பிறப்புச் சான்றிதழும், தாயின் சேலையும் மனிதர் தேடும் பொருள்கள். விலைகொடுத்து மீண்டும் வாங்க இயலாதவை அவை.

அதற்கு இரண்டாண்டு முன்பு, 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். அந்த இழப்புக்கு ஒரு தொகையேனும் சொல்ல முடிகின்றது. நூலகம் தன் நூல்களை எண்ணி வைப்பது. வீட்டுப் பெட்டகத்துக்கோ அட்டவணை இல்லை. ஆதலால் 1983இல் எரிந்த பட்டுக்கும், புகையுண்ட பட்டுக்கும், புகையுண்டதனால் பயனில்லை என்று எறியப்பட்ட பட்டுக்கும் எவரும் கணக்குச் சொல்ல இயலாது.

நெருப்பின் அச்சம் கலவரத்தோடு முடிந்ததுமன்று. பலகையாலும் தகரத்தாலும் அமைந்த வீடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்திலே ஒரு சிறு பொறியே போதும். 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி இரவு, தொட்டலங்கப் பகுதியிலுள்ள கஜீமாவத்தையில் மூண்ட தீயிலே பல பத்து வீடுகள் அழிந்தன. எரிந்த வீடுகளைச் செய்தித்தாள்கள் எண்ணின. எரியாமல் புகைமட்டும் புகுந்த வீடுகளை எண்ணுவது எங்கும் வழக்கமில்லை.

புகை என்பது யாது? நிறைவாக எரியாத பொருளிலிருந்து எழும் காபன் துகள்களும், பிசுபிசுப்பான நெய்ப்பொருள்களும், அமில ஆவிகளும் கலந்த கலவையே புகை. அதன் துகள் தலைமயிரின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்கினும் சிறிதாக இருத்தல் கூடும். பட்டிழையும் பஞ்சிழையும் அத்துகளுக்கு முன்னே பெருமரங்கள் போன்றவை. அவற்றின் இடைவெளியெல்லாம் துகள் புகும். அதனோடு நெய்ப்பொருளும் சேர்வதால் துகள் இழையிலே ஒட்டிக்கொள்ளும். எரிந்த பொருள் மரமாயின் ஒருவகை, பிளாத்திக்காயின் வேறுவகை. மின்கம்பிகளின் உறையாக வரும் பிவிசி எரியும்போது ஐதரோகுளோரிக் அமில ஆவி எழும். அது துணியிலே தங்கினால், தீ அணைந்து மாதங்கள் கழிந்த பின்னரும் இழையை அரித்துக்கொண்டேயிருக்கும். ஆகவே புகையுண்ட துணியை மடித்துப் பெட்டியில் வைத்துப் பின்பு பார்த்துக்கொள்வோம் என்று விடுவதும் தவறு. அன்றே அவசரமாகத் துவைப்பதும் தவறு.

துணிதோறும் இத்தீமை வேறுபடும். பட்டு விலங்கின் இழை, காரத்தைத் தாங்காது. பருத்தி செடியின் இழை. காரத்தைத் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. சரிகையோ வெள்ளியின் மெல்லிய தகட்டைப் பட்டுநூலின் மேற் சுற்றிப் பொன்முலாம் பூசியது. புகையிலுள்ள கந்தகம் வெள்ளியோடு கூடி அதனைக் கருப்பாக்கும். பாத்திரம் துலக்குவதுபோல் அதனைத் துலக்கினால் கருமை போகும்; பொன்முலாமும் உடன்போகும். கருஞ்சாயத்தில் இன்னொரு இடர் உண்டு. பழங்காலத்தார் துருவேறிய இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கறுப்புச் சாயம் ஆக்கினர். அவ்விரும்பு காலப்போக்கில் இழையை உள்ளிருந்தே தின்னும். பழைய சீத்தைத் துணிகளிலே பூவும் கொடியும் நிற்க, அவற்றைச் சூழ்ந்த கறுப்புக் கோடு மட்டும் உதிர்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே. அத்தகைய துணியை நீரில் நனைத்துத் தூக்கினால் தன் பாரத்தினாலேயே கிழியும்.

நம் நாட்டுச் சலவைத் தொழிலாளரின் அறிவு சிறிதன்று. உவர்மண்ணிட்டு வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து, நீலமும் கஞ்சியும் இட்டுப் பருத்தியை அவர் வெளுத்த திறம் தலைமுறைகளின் அனுபவம். ஆனால் அது நாள்தோறும் உடுக்கும் பருத்திக்கு உரியது. உவர்மண் காரமானது; வெள்ளாவியோ வெப்பம். இரண்டும் பட்டுக்கு ஆகா. மேலும் வெப்பம் புகைக்கறையை இழையிலே நிலைபெறச் செய்துவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் நம்மவர் கையாண்டது பூவந்திக்கொட்டை. அதன் தோலை நீரில் ஊறவைத்தால் நுரைக்கும். அந்நுரை அழுக்கை மென்மையாக அகற்றும். இந்தியாவின் நூதனசாலைகளிலும் பழந்துணிகளைத் துவைக்கப் பூவந்தி பயன்பட்டதுண்டு.

இதற்கு ஒத்த ஒரு வரலாறு இங்கிலாந்திலும் நிகழ்ந்தது. சசெக்ஸ் பகுதியிலே அப்பார்க் என்னும் பழைய மாளிகை ஒன்றுண்டு. அதன் தலைவியாய் விளங்கிய மீட்-பெதர்ஸ்டன்ஹோ சீமாட்டி 1930களில் அங்கே நைந்து கிடந்த பட்டுத் திரைகளைத் தம் கையாலேயே செப்பனிடத் தொடங்கினார். நுரைதரும் ஒரு செடியைத் தோட்டத்திலே வளர்த்து, அதனைக் காய்ச்சிய நீரிலே திரைகளைக் கழுவி, உதிர்ந்த இழைகளை ஊசியால் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். அச்செடியில் நுரை தரும் பொருளும் நம் பூவந்தியில் நுரை தரும் பொருளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டுப் பெண்கள் ஒரே வழியைக் கண்டனர். பின்னர், 1989ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் திகதி, கூரையிலே ஈயத்தகடு பொருத்தியவர்களின் தீச்சுவாலையால் அம்மாளிகை பற்றிக்கொண்டது. வீட்டாரும் ஊழியரும் தீயணைப்போரும் வரிசையாய் நின்று பொருள்களை வெளியே கொணர்ந்தனர். நீரும் கரியும் பட்ட பொருள்களைச் செப்பனிட்டு, மாளிகையையும் புதுப்பித்து, 1995ஆம் ஆண்டில் மீண்டும் மக்களுக்குத் திறந்தனர். ஆறாண்டு உழைப்பு அது.

நியூயோர்க் நகரிலுள்ள புனித ஜோன் பேராலயத்தின் நிகழ்ச்சி இன்னும் நீண்ட பொறுமையைக் காட்டுவது. 2001ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் திகதி அப்பேராலயத்தின் வடபுறத்தில் தீ மூண்டது. 17ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியிலே பார்பெரினி கர்தினாலின் நெசவுக்கூடத்தில் கம்பளியாலும் பட்டாலும் நெய்யப்பட்ட சித்திரத் திரைகள் அங்கே இருந்தன. இயேசுநாதரின் வாழ்வைச் சித்திரிக்கும் அத்தொகுதியில் இரண்டு திரைகள் கடுமையாகத் தீயுண்டன. நல்வாய்ப்பாக, அப்பேராலயத்திலேயே 1981ஆம் ஆண்டு முதல் பழந்துணி காக்கும் ஆய்வுகூடம் ஒன்று இயங்கி வந்தது. கரியை அகற்றுவதும், கழுவுவதும், நைந்த இடங்களைத் தாங்குதுணியிலே தைப்பதுமாக ஆண்டுகள் பல சென்றன. 2017ஆம் ஆண்டில் அத்திரைகள் மீண்டும் காட்சிக்கு வந்தன.

இவ்வனுபவங்களால் உலகெங்கும் உள்ள பாதுகாப்பாளர் ஓர் ஒழுங்கை வகுத்திருக்கின்றனர். முதலாவது, கைபடாதிருத்தல். விரலின் எண்ணெய் கரியை இழையிலே அழுத்திவிடும். துணியை உதறினால் கரி இன்னும் ஆழமாகப் புகும். ஆதலால் துணியை அசைக்காமல், அடியிலே பலகையோ கெட்டித்தாளோ செலுத்திக் கிடந்தபடியே எடுத்தல் வேண்டும். இரண்டாவது, நீர் படுமுன் உலர்முறையாற் கரியை எடுத்தல். மெல்லிய வலையைத் துணியின்மேல் விரித்து, காற்றுறிஞ்சும் கருவியை மிகக் குறைந்த வேகத்தில், துணியைத் தொடாமல் சற்றே மேலே பிடித்துத் துகளை இழுப்பர். எஞ்சியதை இறப்பர்ப் பஞ்சினால் ஒற்றி எடுப்பர், தேய்ப்பதில்லை. துடைப்பமும் தூரிகையும் வன்மையாகப் பட்டால் தூய்மைக்குப் பதிலாகக் கறையே மிஞ்சும்.

மூன்றாவது, சாயத்தைச் சோதித்தல். துணியின் மறைவான ஓரத்திலே ஒரு துளி நீர் இட்டு வெள்ளை ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்ப்பர். தாளிலே நிறம் ஏறினால் அத்துணிக்கு நீர் ஆகாது. சாயவேர்ச் சிவப்புப் பெரும்பாலும் நிற்கும். தொடக்ககால ஆலைச் சாயங்கள் பல ஓடிவிடும். ஒரே சேலையிலே உடல் நின்று முந்தானை ஓடுவதும் உண்டு. நான்காவது, நிறம் நிற்கும் துணியைக் கனிமம் நீக்கிய நீரிலே, அளவறிந்த மென்மையான சோப்புப்பொருள் இட்டு, வலையின்மேற் கிடத்திக் கழுவுதல். பூவந்தியை இக்காலப் பாதுகாப்பாளர் குறைத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. அதன் சாறு சிறிது அமிலமும் சிறிது நிறமும் உடையது. முற்றாகக் கழுவப்படாவிடின் எச்சம் தங்கும். பழையது என்பதால் ஒரு முறையைத் தள்ளவும் வேண்டா. பழையது என்பதாலேயே கொள்ளவும் வேண்டா. ஐந்தாவது, வெயில் படாத இடத்திற் சமமாகப் பரப்பி உலர்த்தி, நைந்த இடங்களுக்கு அதே நிறத்துத் துணியை அடியிட்டு நுண்ணிய ஊசியால் தைத்தல்.

புகைநாற்றத்தைப் போக்க வாசனை நீர் தெளிப்பது பயனற்றது. தெளித்த நீரும் ஒரு கறையே. ஓசோன் ஆவியால் நாற்றம் அகற்றும் பொறிகள் வீட்டுப் பொருள்களுக்கு உதவலாம். ஆனால் அவ்வாவி சாயத்தையும் இழையையும் சிதைக்குமாதலின் பழம்பட்டுக்கு ஆகாது. காற்றோட்டமும், மூடிய பெட்டியில் துணியைத் தொடாமல் வைத்த காபன் கரியும், காலமுமே நன்மருந்து. தீயினால் எழுந்த கரி கறுப்பாக்க, நன்கு பதப்படுத்திய கரியே நாற்றத்தை ஈர்த்துக்கொள்வது இயற்கையின் விந்தையாகும்.

இனி, எவ்வளவு தூய்மை வேண்டும் என்பது கடைசிக் கேள்வி. விற்பனைக்கு வைத்த சேலையாயின் புதிதுபோல் ஆக்குவதே நோக்கம். மரபுச் செல்வமாயின் நோக்கம் வேறு. அரிக்கும் அமிலத்தையும் கரியையும் அகற்றியே ஆகவேண்டும். இல்லையேல் துணியே நில்லாது. ஆனால் மணநாளின் மஞ்சட்கறையை அகற்ற வேண்டுமா? ஓரத்திலே கருகிய வடுவை வெட்டியெறிய வேண்டுமா? 1983ஆம் ஆண்டின் வடுவைத் தாங்கிய ஒரு கூறைச்சேலை இரண்டு நாள்களின் சான்றாகும். ஒன்று அது முதன்முதல் உடுக்கப்பட்ட மணநாள். மற்றொன்று அது எரியாமல் தப்பிய நாள். இரண்டாவது நாளை மறைத்துவிட்டு முதல் நாளை மட்டும் காட்டினால் வரலாறு குறைபடும். முதல் நாள் தெரியாவண்ணம் கருமையிலேயே விட்டுவைத்தாலும் வரலாறு குறைபடும். அழிவை நிறுத்துவது பாதுகாப்பாளரின் கடமை. எதை நினைவிற் கொள்வது என்று தீர்மானிப்பது குடும்பத்தின் உரிமை. இவ்விரண்டையும் குழப்பாதிருத்தலே இக்கலையின் அறம்.

கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அரசர்க்கும் பிரபுக்களுக்கும் உரிய பொருள்கள் அத்தகைய இடங்களிலே காக்கப்படுகின்றன. தோட்டத்து வீட்டின் றங்குப்பெட்டியிலுள்ள சேலைக்கு அதன் உடையவளே காவலாளி. அவளுக்குப் பொருட்செலவின்றி இயலும் காவல்கள் சில உண்டு. கஞ்சி நீக்கித் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியிற் சுற்றுதல். ஆண்டுக்கு இருமுறை நிழலிலே விரித்து மடிப்பை மாற்றுதல். அடுப்படிக்கும் மின்பெட்டிக்கும் அப்பால் பெட்டியை வைத்தல் என்பன அவை. இவற்றோடு இன்னுமொன்று இன்றியமையாதது. அச்சேலை யாருடையது, எந்த ஆண்டு, எங்கே வாங்கியது என்பதை ஒரு தாளிலே எழுதி, ஒரு புகைப்படமும் எடுத்து, வேறொரு வீட்டிலே வைத்தல் வேண்டும். பாட்டி சொல்லப் பேரப்பிள்ளை எழுதலாம். பாடசாலை மாணவருக்கு இதனினும் நல்ல வரலாற்றுப் பயிற்சி வேறில்லை.

பெட்டகத்துக்கு அட்டவணை இல்லாமையே 1983இன் இழப்பை அளக்கவொண்ணாததாக்கியது. புகை படிந்த பட்டை மீட்கும் வித்தை அரிது. அதற்குக் கற்றோரும் கருவியும் காலமும் வேண்டும். பட்டின் வரலாற்றைப் புகைக்கு எட்டாத இடத்திலே வைப்பதற்கோ ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் போதும். அப்பணியை ஒவ்வோர் இல்லமும் இன்றே தொடங்கலாம்.